வெங்காயத்தை அரியவும்

"இஞ்சாருங்கோ, விழுங்காமல் வாசியுங்கோ. இன்னொருக்கா."

குசினி வாசலில் கமலினி அப்படியே நின்றுவிட்டாள். ஜன்னலோரக் கதிரையில் இரஞ்சிதம் அன்ரியின் கணவர் அரியரத்தினம் இருந்தார். மடியில் ஒரு சமையல் புத்தகம்.

"வெங்... காயத்தை..." என்று முணுமுணுத்தார் அவர்.

"வாரும் பிள்ளை, இரும்," என்றாள் அன்ரி. அவள் கை அடுப்பிலிருந்த சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தது.

கமலினி கல்யாணமாகிச் சிட்னிக்கு வந்து இரண்டு மாதம்தான். ஊரில் பரீட்சை, பரீட்சை என்று அம்மா அவளை அடுப்படிப் பக்கமே விட்டதில்லை. பென்டில் ஹில் ரயிலில் பழக்கமான அன்ரியிடம், சமைக்கப் பழக நல்ல புத்தகம் எது என்று கேட்டிருந்தாள். 'என்னட்டை ஒண்டு கிடக்கு. வந்து பாரும், பிறகு வாங்கலாம்' என்று அன்ரி சொல்லியிருந்தாள்.

"கடையிலை ரண்டு மூண்டு புத்தகம் பாத்தனான் அன்ரி. கறியெண்டால் ஆப்பிளும் முந்திரிகை வத்தலும் போடச் சொல்லிக் கிடக்கு. அதைப் பாத்துச் சமைச்சன். இவர் ஒண்டும் சொல்லேல்லை, கறியைத் தள்ளிவிட்டுப் பாண் துண்டை எடுத்துச் சாப்பிட்டார். ஏசியிருந்தாலும் பரவாயில்லை."

அன்ரி சிரிக்கவில்லை. "இது மெட்ராஸ் புத்தகம். பழகிற ஆக்களுக்கு நல்லது," என்றுவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள். "ம், அடுத்தது?"

அவர் கமலினியை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. 'வாரும்' என்று ஒரு சொல் சொல்லவில்லை. கோபம்தான் என்று நினைத்தாள் கமலினி. கோபம் வராதா? யாழ்ப்பாணத்தில் பேர்போன அப்புக்காத்து அவர். அவர் வாதாடுவதைக் கேட்கவென்றே சனம் கோட்டுக்குப் போகும் என்று கணவன் சிறிதரன் சொல்லியிருந்தான். அப்படிப்பட்ட மனுசனைக் குசினிக்குள் இருத்தி, அந்நியப் பெண் முன்னால் தேங்காய் துருவும் விதம் வாசிக்க வைத்தால்?

"தேங்... காயை. து..." அவர் நிறுத்தினார். முகம் சிவந்துவிட்டது.

"துருவவும். சொல்லுங்கோ."

அவர் புத்தகத்தைத் தூக்கி எறிந்தார். அது மேசைக்கடியில் போய் விழுந்தது.

அன்ரி அடுப்பைக் குறைத்தாள். குனிந்து புத்தகத்தை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, மறுபடியும் அவர் மடியில் வைத்தாள். அதே வரியில் விரலை வைத்தாள்.

"இதிலை இருந்து."

கமலினிக்குப் பொறுக்கவில்லை. "குடுங்கோ அன்ரி, நான் வாசிக்கிறன். அங்கிளை விடுங்கோ."

"வேண்டாம்!" அன்ரியின் குரல் இறுகிப் போயிருந்தது. "அவர்தான் வாசிக்க வேணும்."

அவர் திரும்பவும் புத்தகத்தில் குனிந்தார். அப்போதுதான் கமலினி சட்டியைக் கவனித்தாள். தேங்காய்ப் பாலும் விட்டு, கறி கொதித்து இறக்கும் பதத்தில் இருந்தது. அவரோ இன்னும் தேங்காய் துருவும் இடத்திலேயே நிற்கிறார். அப்படியென்றால் இந்த வாசிப்பு சமையலுக்கு இல்லை. ஊரையே பேச்சால் கட்டி வைத்தவரை அடக்கிக் காட்டுவதற்கா?

தேத்தண்ணிகூடக் குடிக்காமல் அவள் எழுந்தாள். அன்ரி வாசல் கேற் வரைக்கும் கூடவே வந்தாள்.

"புத்தகத்தைப் பாக்காமலே போறீர்?"

"குறை நினைக்காதேங்கோ அன்ரி. கறி எப்பவோ முடிஞ்சுது. உங்களுக்குப் புத்தகமே தேவையில்லை. பிறகேன் அந்த மனுசனை இப்பிடி வதைக்கிறீங்கள்?"

அன்ரி குசினி ஜன்னல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். குளிர்காற்றுக்குச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஓம், எனக்குத் தேவையில்லைத்தான்," என்றாள். "சித்திரையிலை ஒரு நாள் காலமை தேத்தண்ணி குடுக்கப் போனன். வாயைத் திறந்தார், ஒரு சொல்லும் வரேல்லை. மூளைக்குள்ளை ரத்தம் உறைஞ்சு போச்சாம். பேச்சைத் திரும்பவும் முதலிலை இருந்து பழக்க வேணும், ஒவ்வொரு நாளும் சத்தமா வாசிக்க விடுங்கோ எண்டு டொக்டர் சொன்னவர்."

கமலினி கேற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"குழந்தைப்பிள்ளையளின்ரை புத்தகத்தைக் கையாலையும் தொடமாட்டார். சட்டப் புத்தகம், பேப்பர் எல்லாம் குடுத்துப் பாத்தன், அரைவாசி வசனத்திலை அழுதிடுவார். இதிலைதான் பிள்ளை, ஒவ்வொரு வசனமும் ரண்டு சொல்லோடை முடியுது."