மாதிரிக்கு ஒரு போல்ட்டு

“இந்த எட்டு போல்ட்டையும் குத்புதீனே கடையட்டும். நீ அந்த டிராக்டர் வேலைய முடிச்சுடு, நமச்சிவாயம்.”

முதலாளி ஜெகநாதன் சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். நமச்சிவாயத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. உத்திரமேரூரில் இந்த லேத்துப் பட்டறை திறந்த நாள் முதல் பதினெட்டு வருஷமாக இரும்பு கடைகிறவன் அவன். குத்புதீன் வந்து முழுசாக இரண்டு வருஷம் ஆகவில்லை. முதலாளிக்கு மரை கிரை கழண்டுவிட்டதா?

சாதாரண வேலையா அது! பெருநகர் ரைஸ் மில் உண்ணாமலையம்மாள், மாமனார் காலத்துச் சீமை ஆயில் என்ஜினை மறுபடி ஓட்டப் போகிறார். பாதி நாள் கரண்ட் இல்லை, நெல் மூட்டை மூட்டையாகக் காத்துக் கிடக்கிறது. என்ஜின் தலையை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகளின் மரையெல்லாம் துரு தின்றுவிட்டது. அந்தக் காலத்து மரை இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது. கடைந்துதான் ஆகவேண்டும்.

“தை மாசம் புது லேத்து வருதில்ல?” என்றார் முதலாளி. “என்ஜின் ஓடிச்சின்னா அதுக்கு குத்புதீன்தான் மேஸ்திரி.”

மேஸ்திரி! நமச்சிவாயம் பதினெட்டு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. அதை நேற்று வந்தவனுக்குத் தூக்கிக் கொடுப்பாராம், இவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமாம்.

காலையில்தான் மில் ஆள் சுப்பிரமணி, மரை கெடாத பழைய போல்ட்டு ஒன்றை மாதிரிக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தான். பன்னிரண்டரை மணிக்கு குத்புதீன் கை கழுவினான்.

“அண்ணே, ஜும்மாவுக்குப் போயிட்டு வந்துடறேன். மாதிரி போல்ட்டு இங்கதான் கீது, பாத்துக்கோங்க. வந்துதான் மரை எண்ணணும்.”

“நீ போயிட்டு வா பாய். நான் இன்னாத்துக்கு கீறேன்?”

முதலாளியும் சாப்பிடப் போய்விட்டார். நமச்சிவாயம் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தப் போல்ட்டை எடுத்து மரை அளக்கும் கேஜ் வைத்தான். அங்குலத்துக்குப் பதினோரு மரை. தன் மேஜை டிராயரின் அடிவரைக்கும் கையை விட்டுத் துழாவினான். எங்கெங்கிருந்தோ வந்து தங்கிப்போன துருப்பிடித்த சாமான்கள். அவற்றுக்குள் அதே பருமனில், அதே நீளத்தில் ஒன்று அகப்பட்டது. கேஜ் வைத்துப் பார்த்தான். பன்னிரண்டு!

கண்ணால் பார்த்தால் எவனுக்கும் வித்தியாசம் தெரியாது. என்ஜினில் போட்டு முறுக்கினால் இரண்டே சுற்று, கடித்துக்கொண்டு நின்றுவிடும். டிராயரில் கிடைத்ததை, மாதிரி போல்ட்டு இருந்த இடத்தில் வைத்தான். மாதிரி போல்ட்டைக் கொல்லைப்புறக் காயலான் குவியலில் வீசி எறிந்தான். மேஸ்திரியாம் மேஸ்திரி!

குத்புதீன் திரும்பி வந்து நிதானமாக மரை எண்ணினான்.

“பன்னெண்டு கீதுண்ணே. சீமைச் சரக்கு வேற தினுசுதான்.”

“ஆமாப்பா, அப்படித்தான் இருக்கும்” என்றான் நமச்சிவாயம், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

சாயங்காலத்துக்குள் எட்டும் பளபளவென்று வரிசையாக உட்கார்ந்துவிட்டன. பாவி, என்ன சுத்தமான கை! பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது. ஆனாலும் கடைசி பஸ்ஸில் சுப்பிரமணி அவற்றைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனபோது நமச்சிவாயத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு உண்ணாமலையம்மாளே பஸ்ஸைவிட்டு இறங்கி விறுவிறுவென்று பட்டறைக்குள் வந்தார்.

“யாருய்யா அந்த போல்ட்ட கடைஞ்சது?”

வந்ததடா வேளை! நமச்சிவாயம் கையிலிருந்த ஸ்பானரைப் போட்டுவிட்டு முன்னால் ஓடினான்.

“குத்புதீன்தாம்மா! எட்டும் அவன் ஒருத்தன் கடைஞ்சதுதான். நான் கிட்டக்கூட போவல, மொதலாளியவே கேளுங்க!”

அம்மாள் அவனைத் தாண்டிப் போய் குத்புதீனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“நல்லா இருப்ப தம்பி! எட்டும் வெண்ணெயாட்டம் எறங்கிச்சி. காலையிலேர்ந்து என்ஜின் ஓடிக்கினே கீது!”

பன்னிரண்டு மரை எப்படி இறங்கும்?

“பெரிய கூத்து இன்னான்னா,” அம்மாள் முதலாளி பக்கம் திரும்பினார், “எங்க சுப்பிரமணி மாதிரிக்குக் குடுத்தது பழைய பம்ப்செட் போல்ட்டு. விடியறப்பதான் அது தெரிஞ்சிது. எல்லாம் பூடுச்சேன்னு தலையில கைய வெச்சிக்கினு ஒக்காந்துட்டேன். அப்பறம் போட்டுப் பாத்தா, சரியா கீது! எப்படி தம்பி கண்டுபுடிச்ச?”

“நான் இன்னாத்தம்மா கண்டேன்?” குத்புதீன் விழித்தான். “மேஜை மேல இருந்த போல்ட்ட பாத்துதான் கடைஞ்சேன்.”

“பாருங்க அடக்கத்த! இந்தப் புள்ளதான் மேஸ்திரி” என்றார் முதலாளி. “ஆனா அசல் போல்ட்டு ஒண்ணுகூடவா ஒங்ககிட்ட இல்ல?”

“நல்லதா ஒண்ணே ஒண்ணு இருந்திச்சி. ஏழு வருசம் முன்னாடி இதே பட்டறைக்குத்தான் கொண்டாந்து குடுத்தேன்” என்ற அம்மாள் நமச்சிவாயத்தைக் கையால் காட்டினார். “இந்த மரைய எவனாலயும் கடைய முடியாதுன்னுட்டு, அத டிராயர்ல போட்டுக்கினவரு இவருதான்.”