பேத்தியும் பச்சை விளக்கும்

கட்டிலுக்குப் பின்னால் மண்டியிட்டுப் பாட்டி பழைய தொலைபேசியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்குகிறாள். இதே லைனில் வரும் இணையத்தின் வேகத்தைக் கூட்டியதிலிருந்து இந்தப் போன் மணியடித்தாலே இணைப்பு அறுந்துபோகிறது. தூரதேசத்தில் பிறந்த பேத்தியை இன்னும் வீடியோ காலில் துண்டுதுண்டாகத்தான் பார்த்திருக்கிறார்கள். "கம்பெனிக்காரனையே கூப்பிடலாமே," என்கிறார் கணவர், மடி லேப்டாப்பில் மகள் காத்திருக்க. "சும்மா இருங்க. மணி இணையத்துல குறுக்கிடாம தடுக்கிற ஃபில்டர் இதுக்கு மட்டும் மாட்டல, அதான் வினை." தீப்பெட்டியளவு வெள்ளை ஃபில்டர் டப்பாவை வயருக்கும் சுவருக்கும் நடுவே சொருகுகிறாள். ஜன்னல் வெயிலில் எழும்பிய தூசி அவள் முடியில் உட்காருகிறது. "இப்ப மொபைல்ல இருந்து இதுக்கு அடிங்க." மணி வீட்டையே உலுக்குகிறது. இணைப்பு இருப்பதைக் காட்டும் மோடத்தின் பச்சை விளக்கு அசையாமல் எரிகிறது. திரையில் பேத்தி திடுக்கிட்டு விழித்து வீறிடுகிறாள். "போனை எடும்மா, இப்பத்தான் தூங்கினா!" என்று மகள் கத்துகிறாள். "அடிக்கட்டும்டி," தரையிலேயே சம்மணமிட்டுச் சிரிக்கிறாள் அவள், "எவ்வளவு தெளிவா அழறா பாரு!"