ஒற்றைச் செருப்பு

“அந்த ஆளு நிக்கிற வீட்ல நான் மடியில வச்சுக் காது குத்த மாட்டேன்.”

“அப்ப எந்திரிச்சுப் போண்ணே. உன் மடிய நீயே வச்சுக்க.”

அண்ணன் தங்கை சண்டை. காது குத்த வந்த ஆசாரி, ஊசியைக் கையில் பிடித்தபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஹவுசிங் போர்டில் சுவர்கள் மெல்லியவை. இருந்தாலும் அவர்கள் வீட்டுக்கு எதிரே என் வாசல் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தேன்.

காற்றுக்காக.

அந்த ஆள் என்றது ஞானசேகரனை. தங்கை தமயந்தி இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவர். அந்த வீட்டில் ஒரு தீபாவளிகூடப் பார்க்கவில்லை இன்னும். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அடுப்படி நிலையில் நின்றார்.

காது குத்த வேண்டிய மகளை யாரும் பார்க்கவில்லை.

ஆறு வயது. பட்டுப் பாவாடை. காதில் ஆசாரி வைத்த மைப் புள்ளி.

பெற்ற அப்பா போன அன்றும் இப்படித்தான் குரல்கள் ஏறின. அப்புறம் அவர் செருப்பை மாட்டினார். சத்தம் படிப்படியாகக் கீழே இறங்கிப் போனது. திரும்ப ஏறி வரவில்லை. அன்றைக்கு அவள் வாசலில்தான் நின்றாள்.

ஆக, சண்டை போட்டதால் யாரும் போவதில்லை. செருப்பை மாட்டுவதால்தான் போகிறார்கள்.

அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இந்த மனிதர் போய்விடக் கூடாது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பால்கனியில் நின்று கையாட்டுகிறவர். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை. சட்டையைப் பிடித்து இழுப்பாள். ‘இந்தாங்க’ என்பாள்.

வெளியே வந்தாள்.

வாசலில் தாய்மாமனின் தோல் செருப்பு, தோணி மாதிரி. ஆசாரியின் டயர் செருப்பு. ஓரமாக ஞானசேகரனின் நீல வார் ரப்பர் செருப்பு, ஊக்கு குத்தியது.

அதில் ஒன்றை எடுத்தாள். படிக்கட்டு மூலையில் இருந்த மீட்டர் பெட்டியைத் திறந்தாள். உள்ளே வைத்து மூடினாள்.

திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் கோலத்தைப் பார்த்தேன்.

உள்ளே ஞானசேகரனின் குரல் கேட்டது. “நான் கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன். பிள்ளைக்கு நல்லபடியா முடியட்டும்.”

வந்தார். ஒரு காலில் மாட்டினார். மறு கால் தரையைத் துழாவியது.

“அக்கா, என் செருப்பப் பாத்தீங்களா?”

“நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்.”

மூன்றாவது மாடிக்கு நாய் எப்படி வரும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். போக அவருக்கும் மனசில்லையோ என்னவோ.

போகிறேன் என்றவர் வாசலில் ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்த்து, தன்னைக் கேலி செய்வதாக நினைத்துக்கொண்டார் தாய்மாமன். தோணிகளை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். கொண்டுவந்த தோட்டை மட்டும் டிவி மேல் வைத்துவிட்டுப் போனார். கோபத்திலும் சீர் குறையவில்லை.

ஆசாரி அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. “யாராச்சும் ஒரு மாமன் உக்காருங்கய்யா. நேரம் போகுதுல்ல.”

ஞானசேகரன் தயங்கித் தயங்கித்தான் உள்ளே போய் உட்கார்ந்தார். உட்கார்ந்து முடிப்பதற்குள் அவள் மடியில் ஏறியிருந்தாள்.

ஒரு காலில் இருந்த செருப்பைக் கழற்ற அவர் மறந்துபோயிருந்தார்.

ஊசி இறங்கியபோது அவள் போட்ட சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டது.

“மாமா.”

அன்றிலிருந்து அவர் மாமா.

அம்மாவின் புருஷனை மாமா என்று கூப்பிடுகிற பிள்ளையை நாங்கள் கண்டதில்லை. அடிபம்பில் குடம் நிறைகிற நேரமெல்லாம் இதே பேச்சுதான். முதல் வீட்டு சரோஜா அவளையே கேட்டுவிட்டாள்.

“ஏன்டி, அவரு உனக்கு யாரு?”

“மாமா.”

“உங்கம்மாவுக்கு?”

“அத எங்கம்மாகிட்ட கேளுங்க.”

சரோஜா குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். பாதிக் குடம்தான் நிறைந்திருந்தது.

அந்த அடிபம்பு இப்போது இல்லை. சரோஜா மகனோடு ஓசூர் போய்விட்டாள். படியில் யார் ஏறினாலும் செருப்புச் சத்தத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடுவேன் அப்போதெல்லாம். இப்போது எல்லாம் ஒரே ஷூ.

அந்தப் பிள்ளைக்குப் போன தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு நாக்பூரில் வேலை.

தாய்மாமனை மாலை போட வரச் சொன்னார் ஐயர். ஞானசேகரன் எழுந்தார். பெண்ணைப் பிடித்துக் கொடுக்க அப்பாவைக் கூப்பிட்டார். அதற்கும் ஞானசேகரன் எழுந்தார். ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

கிளம்பும் நேரம். மண்டபத்து வாசலில் கார் நின்றது. மணப்பெண்ணின் கல் பதித்த செருப்பில் ஒன்று இருந்தது. ஒன்று இல்லை.

நாற்காலிகளுக்கு அடியில் குனிந்து தேடினார்கள். சினிமா பார்த்துக் கெட்டுப்போன பிள்ளைகள் யாராவது ஒளித்திருக்கும் என்றார் மாப்பிள்ளையின் அப்பா. ஒளிப்பதென்றால் மாப்பிள்ளை செருப்பைத்தானே ஒளிக்க வேண்டும் என்று யாரோ சட்டம் பேசினார்கள்.

ஞானசேகரன் தேடவில்லை. தூண் ஓரமாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அவள் அவரிடம்தான் போனாள். “மாமா, என் செருப்பப் பாத்தீங்களா?”

“நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்டா.”

மண்டபத்துக்குள் நாய் எப்படி வரும் என்று அவள் கேட்கவில்லை.

வெறுங்காலோடு காரில் ஏறினாள்.

போன வாரம் எங்கள் வீட்டில் ஃபியூஸ் போனது. மீட்டர் பெட்டியைத் திறந்தேன்.

கல் பதித்த செருப்பு. ஒன்று.

எதிர் வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது.

நான் கோலத்தைப் பார்த்தேன்.