மயூரி வர ஒரு வழி

“என்ர அப்பா கெட்டிக்காரன்!” ஸ்பீக்கரில் போட்டிருந்த டெலிபோனில், லண்டனிலிருந்து மயூரி குதூகலித்தாள்.

ரொஷானிக்கு வயிறு எரிந்தது. கெட்டிக்காரராம்! கம்ப்யூட்டரில் ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து, பாஸ்வேர்ட் போட்டு, போர்ட் ஃபோர்வர்டிங் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பிடித்தவள் அவள். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் டைப் அடித்துப் பழகிய கை அவளுடையது. கணவர் சிவசுப்பிரமணியம் செய்ததெல்லாம், முதல் தாரத்து மகள் சொல்லச் சொல்லக் கிளிப்பிள்ளை போல ஒப்பித்ததுதான்.

மயூரி அனுப்பிய கமெரா முன்னறை அலமாரியில் உட்கார்ந்திருந்தது. வெளியிலிருந்து வருகிறவர்களை ரௌட்டர் வாசலிலேயே மறித்துவிடுமாம். இந்த எண்ணில் வருகிறவளை நேரே கமெராவிடம் அனுப்பு என்று அதற்குச் சொல்லி வைத்தால், மயூரி நினைத்த நேரம் இந்தப் பண்டாரவளை வீட்டுக்குள் எட்டிப் பார்க்கலாம்.

நினைத்த நேரம். அதுதான் ரொஷானிக்குப் பொறுக்கவில்லை.

அவளோடு சந்தைக்கு வரச் சொன்னால் கால் வலிக்கும் மனிதர், கமெராவுக்காக அந்தப் பெரிய அலமாரியை ஒற்றை ஆளாக நகர்த்தியிருந்தார். மகள் பார்ப்பாள் என்று நரைத்த தலைக்கு மை வேறு.

அந்த எண்ணின் கடைசி இலக்கத்தில் அவள் விரல் நின்றது. ஒன்றை மாற்றி அடித்தால் போதும். மகளுக்குப் படமே வராது. யாரும் அவளைக் குற்றம் சொல்லப் போவதில்லை.

சிவசுப்பிரமணியம் அவளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். பிறகு அதே விரலால் உள்ளே குசினிப் பக்கம் காட்டினார். படம் வருவதற்குள் போய்விடு என்று அர்த்தம்.

ரொஷானி சரியான எண்ணையே அடித்தாள். சேவ் அழுத்தினாள்.

குசினிக்குப் போகவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கமெராவுக்கு நேரே, அவரை ஒட்டியிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

லண்டனில் படம் வந்துவிட்டது.

“அப்பா… பக்கத்தில ஆர்?”

கலியாணம் கட்டி மூன்று வருஷம். இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று அவர் மகளிடம் சொல்லவே இல்லை.

“நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்றாள் ரொஷானி, லண்டனுக்கும் கேட்கிற மாதிரி.