வேலியோரத்துக் காடு

செடிகள் என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டன. இன்றைக்குப் போய்விடலாம்.

மகன் வாசல்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். ஆபீஸ் கிளம்பும்போது கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவான். கடைக்குப் போனபோது ஒரே ஒரு தடவை வழி தவறிவிட்டேன். அதற்கு ஆயுள் தண்டனை.

பின்சந்தின் கடைசி வீடு என் தங்கையுடையது. மாதம் ஒருமுறை காரில் கூட்டிப்போவான், போனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். இவனை வைத்துக்கொண்டு இவன் பெண்டாட்டியைப் பற்றி என்ன பேச முடியும்? ஒரு தடவையாவது என் காலால் நடந்து போய் அவளிடம் வாய் வலிக்க வம்பு பேச வேண்டும்.

வேலியின் மூலையில் ஒரு பலகை இற்று விழுந்திருந்தது. ஆனால் மாடி ஜன்னலருகே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை செய்யும் மருமகளுக்குப் புல்வெளி முழுக்கத் தெரியும்.

அதனால்தான் அந்த மூலையைக் கேட்டேன். இந்த மண்ணில் தானாக முளைக்கிற செடிகளுக்கு விடலாம், வண்ணத்துப்பூச்சி வரும், தேனீ வரும் என்று டிவியில் கேட்டதையெல்லாம் ஒப்பித்தேன்.

புல்வெளி என்றால் அவனுக்கு உயிர். ஆனாலும் வாயெல்லாம் பல்லாக, அவனே மண்வெட்டி எடுத்து அந்த மூலைப் புல்லைச் செதுக்கித் தந்தான்.

எருக்கு வந்தது, நாணல் வந்தது, பேர் தெரியாத முள்செடியெல்லாம் வந்தது. வண்ணத்துப்பூச்சிகூட நிஜமாகவே வந்தது. பாவம், அதற்கு என் கள்ளத்தனம் தெரியாது.

செருப்பைக் கையில் எடுத்தாலே “எங்க அத்தை?” என்பாள் மருமகள். அதனால் போன வாரமே அதை நாணலுக்குள் ஒளித்துவிட்டேன்.

தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் செடிகளை விலக்கிப் பார்த்தேன்.

செருப்பு இல்லை. வேலியில் புதுப் பலகை. ஆணிகள் பளபளவென்று இருந்தன.

“நாய் ஏதோ உள்ள வருது போலம்மா. உன் செருப்பைக் கவ்விட்டுப் போய் அங்க போட்டிருந்துச்சு. நேத்து நீ தூங்கும்போது பலகை அடிச்சுட்டேன். இனிமே உன் செடிக்கும் ஒண்ணும் ஆகாது.”

படியில் அவன் பக்கத்தில் என் செருப்பு, துடைத்து, ஜோடியாக.

“பொல்லாத நாய்தான்” என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிய ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

எனக்கு அழுகை வந்தது. கோபப்படக்கூட இடம் கொடுக்காத பிள்ளையாக வளர்த்து வைத்திருக்கிறேன்.

கேட்டைப் பூட்டும் சத்தம் கேட்டது.

மழையில் நனையக் கூடாதே என்று, அந்தச் செருப்பை நான் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இரண்டு முடிச்சாகக் கட்டி வைத்திருந்தேன்.