எல்லைக்கல்லடிச் செருப்பு

நாற்பத்தொன்றாம் வருஷம் ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த ஆவுடையப்பன், கோயில்காட்டு எல்லைக்கல்லடியில் செருப்பைக் கழற்றினார். சாமி காட்டுக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. உள்ளே குடியிருப்பவர்களுக்குச் செருப்பே கிடையாது. அறுந்த இடது வாரை அன்று காலையில்தான் சிவப்பு நூலால் தைத்திருந்தார்.

மூன்று மைல் முள்ளில் நடந்து முதல் குடிசையை அடைந்தார். வாசலில் புடைத்துக்கொண்டிருந்த சொர்ணவல்லி முறத்தைக் கீழே வைத்தாள்.

“நேத்தே வந்து எழுதினீங்களே?”

“நேத்து நான் கீரமங்கலத்துல இருந்தேன், ஆத்தா. வேற யாராச்சும் இருக்கும்.”

“நீங்கதான். அங்கிட்டு ஊருணிப் பக்கம் போனீங்க. இன்னும் திரும்பலை.”

வாதாட அவருக்குத் தெம்பில்லை. ஏழு குடிசைகளையும் எழுதிவிட்டுப் பொழுது சாயத் திரும்பினார்.

கல்லடியில் இரண்டு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. இரண்டிலும் இடது வார் சிவப்பு நூலால் தைத்திருந்தது.

பக்கத்திலிருந்ததை மாட்டிக்கொண்டார். உள்ளே இருப்பவருக்கு மற்றது வேண்டியிருக்கும்.