பெரிய வெள்ளியில் ஒரு டீ

"பெரிய வெள்ளிக்கிழமையும் அதுவுமா, மருமகளை இழுத்துக்கிட்டு டீக்கடையில நிக்கிறதப் பாருங்க. இந்தம்மாதான் நமக்கெல்லாம் ஜெபமாலை சொல்லிக் குடுக்குது!"

மாதா கோயில் வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார் ராயப்பன் வாத்தியார்.

எதிரே சோணையின் டீக்கடையில் மெழுகுவத்தி வாங்க நின்றிருந்த நான் திரும்பினேன்.

இன்னாசியம்மாள்தான். பக்கத்தில் பெஞ்சில் அவள் மருமகள் தெரசா. திருநகரே வெயிலில் வெந்துகொண்டிருக்க, தெரசா ஸ்வெட்டர் போட்டிருந்தாள். முகம் உப்பியிருந்தது. உதட்டில் ரத்தமே இல்லை.

இன்னாசியம்மாளின் உள்ளங்கையில் ஒரு சின்ன மாத்திரை.

"முழுங்கு தாயி."

"வேணாம் அத்தை. பொழுது சாயுற வரைக்கும் பச்சைத்தண்ணி படக்கூடாதுன்னுதான நேர்ந்தோம்?"

"காலையில மயங்கி விழுந்தியே, டாக்டர் ஏசுனது காதுல விழலையா? தைராய்டு சுரப்பி சரியாச் சுரக்கலையாம். அதான் இதயம் மெதுவா, விட்டு விட்டு அடிக்குதாம். மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாருன்னு கேட்டாரு. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்."

"நாளைக்கு ஒரு நாள்தான அத்தை. அப்புறம் ஈஸ்டர்."

"இன்னொருக்க விழுந்தா எந்திரிக்க மாட்டன்னாரு, தெரசா."

தெரசா தலையை ஆட்டினாள். குரல் கரகரத்து, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"இம்புட்டு வருஷமா ஒரு பிள்ளை இல்ல. இந்தத் தவக்காலம் முழுக்க நாம ரெண்டு பேரும் உபவாசம் இருந்தா மாதா குடுப்பாங்கன்னு நீங்கதான சொன்னீங்க? ரெண்டு பேர்ல ஒருத்தர் முறிச்சாலும் பலிக்காதுன்னும் சொன்னீங்க. நான் முறிக்க மாட்டேன்."

இன்னாசியம்மாள் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்து விரலை வைத்தாள். அடுத்த துடிப்பு வருமா என்று காத்திருப்பவள் போல அசையாமல் நின்றாள்.

கோயில் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோர் கண்ணும் கடைப் பக்கம்தான்.

"யாரு முறிச்சாலும் முறிஞ்சதுதான?" என்றாள் இன்னாசியம்மாள் மெதுவாக.

"ஆமா அத்தை."

"சோணை, ஒரு டீ போடு."

"இன்னைக்கா பெரியம்மா?" சோணை தயங்கினான்.

"போடுப்பா."

"சக்கரையத் தூக்கலாப் போடு சோணை! உபவாசம்ல!" ராயப்பன் வாத்தியாரின் குரலுக்கு நாலைந்து பேர் சிரித்தார்கள்.

சோணை டம்ளரைத் தெரசாவிடம் நீட்டினான்.

இன்னாசியம்மாள் குறுக்கே கை நீட்டி அதை வாங்கினாள். சிரித்தவர்களுக்கு முன்னால், நின்றபடியே முழுவதும் குடித்தாள். வெறும் டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு, மாத்திரையை மறுபடியும் மருமகளிடம் நீட்டினாள்.